பாசிலியோவுக்குக் கிடைக்காத வெள்ளிக்கிழமை

என் பெரியப்பா பாசிலியோவுக்குத் தேதி தெரியாது, திருநாள்தான் தெரியும். பல் எப்போது பிடுங்கப் போகிறீர்கள் என்று கேட்டால் "பெந்தெகோஸ்தே கழிச்சு" என்பார். ஒரு வருஷம் தவக்காலத்தில் கடைவாய்ப் பல் வீங்கி முகம் ஒரு பக்கம் ஈரப்பலா மாதிரி ஆகிவிட்டது. தலைநகர் ஆப்பியாவின் ஆஸ்பத்திரி வழியாகப் போகிற பஸ் எங்கள் வீட்டு முன்னால் நின்று ஹாரன் அடித்தது. ஏறவில்லை. பாஸ்கா என்கிற ஈஸ்டர் முடிந்து, அதற்கும் ஏழு வாரம் தள்ளி வந்த பெந்தெகோஸ்தே பாட்டு முழுவதையும் அந்த வாயோடு பாடிவிட்டு, மறுநாள்தான் போனார். பாடகர் குழுவில் அடிக்குரல் அவருடையது. அந்த வருஷம் பாசிலியோ குரல் எவ்வளவு ஆழமாகப் போகிறது பார் என்று கோயிலே மெச்சியது. வலியில் முனகியதைத்தான் மெச்சினார்கள்.

நடுக்கடலில் இருக்கிற எங்கள் உபோலு தீவின் தென்கரையில் சேம்பு போடுகிறவர் அவர். ஆள் வாட்டசாட்டம். நான் அவர் மனைவி சூலியாவின் தங்கை மகள். பத்தாவதோடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரை ஒருவர் விட்டுவிட்டோம். அதன் பிறகு அவர்கள் வீட்டில்தான் இருக்கிறேன். அவர் என்னைக் கூப்பிட்ட பெயர் குட்டிச்சாத்தான். கோயிலில் பாட்டு எண் பலகையை நான் ஒருமுறை மாற்றிவைத்து, சாவுப் பூசைப் பாட்டைக் கல்யாணத்தில் பாட வைத்ததிலிருந்து அந்தப் பெயர்.

சாம்பல் புதனுக்குப் பழைய குருத்தோலைகளை எரிப்பது அவர் வேலை. அன்றிலிருந்து டின் மாட்டிறைச்சியைத் தொடமாட்டார். எங்கள் ஊரில் அதை விடுவது என்றால் சும்மா இல்லை. தொடத்தான் மாட்டார், கடைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். பெரிய வெள்ளியில் சிலுவைப் பாதை. அஞ்சாம் ஸ்தலத்தில் இயேசுவுக்குச் சிலுவை தூக்கக் கைகொடுக்கிற சிரேனே ஊர் சீமோனாக அவர்தான் வருவார். இயேசுவாக வருகிற பையன்கள் எல்லாம் நோஞ்சான்கள். இரண்டாம் ஸ்தலத்திலேயே சிலுவை இவர் தோளுக்கு வந்துவிடும். இயேசு கைவீசிக்கொண்டு பின்னால் நடப்பார். சாமியார் "பாசிலியோ, அஞ்சாம் ஸ்தலம் வரைக்குமாவது பொறுங்க" என்று கெஞ்சுவார். "அவன் கீழ போட்டு உடைச்சிருவான் சாமி, இது நல்ல மரம்" என்பார் இவர்.

இந்த மனிதர் தன் ஒரே மகனோடு பேசாமல் இருந்தார். மூன்று வருஷமாக.

மகன் பெயர் கமிலோ. நியூசிலாந்தில், ஆக்லாந்தில் கிடங்கு வேலை. அங்கே கல்யாணம் செய்துகொண்டு, ஒரு குழந்தையும் ஆன பிறகு மனைவியின் சபையில் சேர்ந்து, குளத்தில் முங்கி மறுபடியும் ஞானஸ்நானம் வாங்கிவிட்டான். அந்தச் செய்தி வந்து சேர்ந்தது திருக்குடும்பத் திருநாளன்று. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு வருகிற திருநாள் அது. எங்கள் கோயிலில் அன்றைக்கு ஒவ்வொரு குடும்பமாகப் பீடத்துக்குப் போவோம். குடும்பத்துக்கு ஒரு மெழுகுவர்த்தி, எல்லார் கையும் அதன்மேல் இருக்க வேண்டும். பிள்ளைகள் அதிகம் உள்ள வீட்டில் மெழுகுவர்த்தியே தெரியாது, விரல்கள்தான் தெரியும். பெரியப்பாவும் பெரியம்மாவும் அன்று இரண்டு பேராகப் போனார்கள். திரும்பி வந்து உட்கார்ந்தவர், "முங்கி எழுந்தானாமே. நாம ஊத்தின தண்ணி எங்க போச்சு?" என்று ஒரே ஒரு தடவை கேட்டார். அதன் பிறகு வாயே திறக்கவில்லை.

கமிலோ ஞாயிறுதோறும் கூப்பிடுவான். எங்களுக்கு ஞாயிறு மதியம், அவனுக்கு அங்கே திங்கள். தேதிக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருந்ததால் எங்கள் நாடு அவர்களைவிட ஒரு நாள் பின்னால் கிடந்தது. பூசை முடிந்து, கல் அடுப்பைத் திறந்து, நாங்கள் சாப்பிட்டு முடிக்கிற நேரம் போன் அடிக்கும். அடித்த உடனே பெரியப்பாவுக்குப் பன்றிகள் ஞாபகம் வந்துவிடும். வாளியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போய்விடுவார். பன்றிகளுக்கு அவ்வளவு கவனிப்பு வேறு எந்தக் கிழமையிலும் கிடையாது.

பெரியம்மா லேசுப்பட்டவள் இல்லை. மகன் சொல்வதை அப்படியே பன்றிப் பட்டியைப் பார்த்துக் கத்துவாள்.

"என்னது, குழந்தைக்கு முதல் பல்லு விழுந்திருச்சா? மேல் பல்லா, கீழ் பல்லா? கீழ் பல்லா!"

பட்டியிலிருந்து சத்தமே வராது. வாளிச் சத்தமும் நின்றிருக்கும்.

"முதுகு வலியா? தூக்காதடா அவ்வளவு பாரத்த. என்னது? மருந்து போடுறியா? போடுறானாம்!"

"யாருகிட்டடி சொல்ற?" என்பார் பெரியப்பா அங்கிருந்து.

"பன்றிங்ககிட்ட."

மூன்றாம் வருஷம் பாஸ்கா ஞாயிறன்று சாப்பாட்டில்தான் பெரியம்மா அவரைப் பிடித்துக்கொண்டாள். நாற்பது நாளுக்குப் பிறகு டின் இறைச்சி இலையில் இருந்தது. முதல் வாய் வைக்கப் போன நேரம் பார்த்துக் கேட்டாள்.

"கல்லறைக் கல்லையே புரட்டிப் போட்ட நாள் இது. உன் வாயத் திறக்க முடியாதா கிழவரே?"

"சாப்பிடத்தான் திறக்கிறேன்."

"அவன்கிட்ட பேச."

கையில் எடுத்ததைக் கீழே வைத்தார். நான் உள்பட எல்லாரும் மெல்லுவதை நிறுத்திவிட்டோம்.

"திருக்குடும்பத்தன்னைக்குப் பேசுறேன்" என்றார்.

"அது டிசம்பர்ல வருது!"

"வரட்டுமே. அன்னைக்குத்தான விட்டுட்டுப் போனான். அன்னைக்கே பேசுறேன். அதுவரைக்கும் அவனும் யோசிக்கட்டும், நானும் யோசிக்கிறேன்."

பெரியம்மா அழுதாள். சந்தோஷத்தில்தான். பெரியப்பா ஒரு திருநாளைச் சொல்லிவிட்டால் அதற்கு முன்னாலும் கிடையாது, பின்னாலும் கிடையாது. பல் விஷயத்தில் ஊரே பார்த்ததுதானே. அடுத்த ஞாயிறு பட்டிக்கும் கேட்கும்படி கமிலோவிடம் சொன்னாள்.  அவன், "சரிம்மா. காத்திருக்கிறேன்" என்றான்.

மே மாதம் மாதா சுரூபம் வீடு வீடாக வந்தது. எங்கள் வீட்டுக்கு வந்த சாயங்காலம் பாயெல்லாம் விரித்து, பூ வைத்து, ஊர் முழுக்க உட்கார்ந்திருந்தது. செபமாலை முடிந்ததும் வேண்டுதல் சொல்ல வேண்டும். "தூரத்துல இருக்கிற பிள்ளைங்களுக்காக" என்று பெரியம்மா ஆரம்பித்தாள். எல்லாரும் சொன்ன பிறகு, ஒரு மூச்சு கழித்து, பெரியப்பாவின் ஆமென் தனியாக வந்தது. அடிக்குரல் இல்லையா, மறைக்க முடியாது. முன்வரிசைப் பெண்கள் தலையைத் திருப்பாமலே ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

நற்கருணை பவனிக்கு ரோட்டில் இலை பரப்பினார். கூரைக்கு ஓலை மாற்றுவதை மாதா பரலோகத் திருநாளுக்கு என்று சொல்லியிருந்தார், மழையிலும் அன்றைக்கே மாற்றினார், நாங்கள் நனைந்தோம். அக்டோபரில் பிள்ளைகள் ஞாயிறு. குட்டிகள் வெள்ளை உடுப்புப் போட்டு வேத வசனம் ஒப்பிக்க, பெரியவர்கள் பரிமாறுகிற நாள். அன்றைக்கு எங்கள் வீட்டில் பரிமாற ஒரு குட்டியும் இல்லை. என்னையே உட்கார வைத்து முதல் தட்டு கொடுத்தார்.

"குட்டிச்சாத்தானுக்கும் ஒரு ஞாயிறு" என்றவர், பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே, "அந்தப் புள்ளைக்கு இப்ப பல்லு முளைச்சிருக்கும், என்ன?" என்றார்.

"கேட்டுச் சொல்லவா பெரியப்பா?"

"நான் உன்னக் கேக்கல."

கல்லறைத் திருநாளுக்கு வீட்டு முன்னாலிருக்கிற எங்கள் கல்லறைகளுக்கு வெள்ளை அடித்தோம். தன் அப்பா கல்லறைக்கு இரண்டு பூச்சு அடித்தார்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாலு வாரமான திருவருகைக்காலம் தொடங்கிய பிறகு ஒரு நாள் கோயில் பெருக்கப் போன இடத்தில் சாமியார் உடுப்பு மாற்றுகிற சக்கிரிஸ்தி அறையில் மாட்டியிருந்த திருவழிபாட்டுக் காலண்டரைப் பார்த்தேன். திருக்குடும்பம் எப்போதும் கிறிஸ்துமஸுக்கு அடுத்த ஞாயிறு. அந்த வருஷம் கிறிஸ்துமஸே ஞாயிற்றுக்கிழமை வந்து உட்கார்ந்துவிட்டது. அப்படி வந்தால் திருக்குடும்பத்தை வெள்ளிக்கிழமைக்குத் தள்ளிவிடுவார்களாம். காலண்டரில் டிசம்பர் முப்பது, வெள்ளி என்று போட்டிருந்தது.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ஏனென்றால் அந்த வெள்ளிக்கிழமை எங்கள் நாட்டில் கிடையாது. அரசாங்கம் அதை எடுத்துவிட்டது. வியாபாரத்துக்காக நியூசிலாந்து, ஆஸ்திரேலியா பக்கத்துக் கிழமைக்கு மாறப்போகிறோம், வியாழன் படுத்தால் சனி எழுந்திருப்போம் என்று ரேடியோ மாதக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தது. ஊரில் எல்லாருக்கும் தெரியும். பெரியப்பாவுக்குத்தான் முப்பதாம் தேதி என்பது ஒரு பொருட்டே இல்லை. அது எந்தத் திருநாள் என்று யாரும் அவரிடம் சொல்லவில்லை.

ஓடிப்போய்ச் சொன்னேன்.

"பெரியப்பா, உங்க திருநாளக் கவர்மெண்டு எடுத்துட்டாங்க."

"போடி அந்தப் பக்கம்."

"சத்தியமா. திருக்குடும்பம் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை இல்ல."

"பாட்டு நம்பர மாத்தின மாதிரி இதையும் மாத்திட்டியா?"

பெரியம்மாவைக் கூப்பிட்டேன், காலண்டரைக் கழற்றிக் கொண்டுவந்தேன், ஒன்றும் பலிக்கவில்லை. என் முகத்தில் எது இருந்தாலும் அது குறும்புதான் என்று அவருக்கு. கடைசியில் அவரே சாமியாரிடம் போனார். நானும் பின்னால் போனேன். சாமியார் காலண்டரைப் பார்த்தார், மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார், சிரித்தார். பெரியப்பா சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"சனிக்கிழமை காலைல வெச்சுக்கலாம் பாசிலியோ. குடும்ப ஆசீர்வாதம், மெழுகுவர்த்தி எல்லாம் அப்பவே."

"நாள மாத்தி வெச்சா அது செல்லுமா சாமி?"

"ஏன் செல்லாது? வியாழனுக்கு அடுத்த நாளு நமக்குச் சனி. அடுத்த நாளுதான திருநாளு."

பெரியப்பா அதை வழியெல்லாம் மென்றுகொண்டே வந்தார். வீட்டு முன்னால் வந்ததும், "அடுத்த நாளுன்னா சரிதான்" என்றார். எனக்குச் சொன்னதா, தனக்கே சொல்லிக்கொண்டதா, தெரியவில்லை.

கிறிஸ்துமஸ் முடிந்தது. பாலனைத் தீவனத் தொட்டியில் வைத்துப் பாடினோம். வியாழக்கிழமை வந்தது. சாயங்காலச் செபத்துக்கு ஊர் அடங்கும் நேரம், சங்கு ஊதி, செபம் சொல்லி, மறுபடி ஊதியும் முடிந்துவிட்டது. சாப்பாடு எடுத்து வைக்கும்போது போன் அடித்தது. ஞாயிறு இல்லாத நாளில் போன் அடித்ததில் பெரியம்மா பயந்துவிட்டாள்.

"அம்மா, இங்க இன்னைக்கு வெள்ளிக்கிழமை" என்றான் கமிலோ. மூச்சு வாங்குகிற மாதிரி இருந்தது. ஸ்பீக்கரில் போட்டிருந்தோம். "இங்க இன்னைக்குத்தாம்மா திருக்குடும்பம். காலைல பூசைக்குப் போனேன். நம்ம கோயில் பூசைக்கு. அப்பாகிட்டச் சொல்லு."

பெரியப்பா வாளியைத் தேடவில்லை. உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார். மூன்று வருஷத்தில் அது முதல் தடவை.

"அவன் பூசைக்குப் போனானாம்" என்றாள் பெரியம்மா, இவ்வளவு பக்கத்தில் இருக்கிறவரிடம் அதே பட்டிக் குரலில்.

"சூலியா, கூட யாரு நின்னான்னு கேளு."

"எனக்குக் கேக்குதுப்பா" என்றான் கமிலோ.

"சூலியா, அவனுக்குக் கேக்குதுன்னு எனக்குத் தெரியும்னு சொல்லு."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. பெரியம்மா என் தொடையில் கிள்ளினாள்.

"யாரும் நிக்கலப்பா" என்றது போன். "அவளும் குழந்தையும் வரல. நான் மட்டும் போனேன். குடும்பம் குடும்பமா எழுந்து நிக்கச் சொன்னாங்க. நானும் நின்னேன்."

 பெரியப்பா தாடையைத் தடவிக்கொண்டிருந்தார். பெரியம்மா போனை அவர் வாய்க்கு நேராகக் கொண்டுபோய்ப் பிடித்தாள்.

"பேசித் தொலையேன் மனுஷா."

"இன்னைக்கு வியாழன்."

"அவனுக்கு வெள்ளி!"

"அவன் ஊர்ல. நான் இங்க இருக்கிறேன், இங்க வியாழன். நாளைக்குக் காலைல திருநாளு. பூசை முடிஞ்சு, மெழுகுவர்த்தி ஏத்திட்டு வந்து நானே கூப்பிடுறேன்னு சொல்லு. நானே. அவன் கூப்பிட வேணாம்."

"நீங்களே கூப்பிடுவீங்களா?" என்றான் கமிலோ. ஆக்லாந்தில் குடும்பஸ்தனாக இருக்கிறவன் குரல் மாதிரி இல்லை.

"சொல்லிட்டேன்ல" என்றார் பெரியப்பா. அது பெரியம்மாவைப் பார்த்துச் சொன்னதா, போனைப் பார்த்தா என்று நாங்கள் பிறகு எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டோம். எனக்குப் போனைப் பார்த்த மாதிரிதான் இருந்தது. பெரியம்மா தன்னைப் பார்த்துத்தான் என்கிறாள்.

சனிக்கிழமை காலையில் பூசைக்கு எழுப்பப் போனபோது அவர் எழுந்திருக்கவில்லை.

பெரியம்மா கத்தவில்லை. "கிழவரே, நேரமாச்சு" என்று இன்னொரு தடவை சொன்னாள். பிறகு அவர் காலைத் தொட்டுப் பார்த்து, போர்வையைச் சரிசெய்தாள், குளிருகிற மாதிரி. என்னிடம், "சாமியாரக் கூட்டிட்டு வா, பூசை ஆரம்பிக்கறதுக்குள்ள" என்றாள். சாமியார் திருநாளுக்குப் போட்ட வெள்ளை உடுப்போடே ஓடி வந்தார். எண்ணெய் பூசிச் செபம் சொன்னார். சொல்லி முடித்ததும் அவருக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. கோயிலில் குடும்பங்கள் காத்துக்கொண்டிருந்தன. போய்ப் பூசை வைத்தார். பாட்டுச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்டது. அடியில் ஒரு குரல் இல்லாமல் பாட்டு ஓட்டைப் படகு மாதிரி ஆடிக்கொண்டு வந்தது.

கமிலோவுக்குச் சொல்ல வேண்டும். பெரியம்மாவால் முடியவில்லை, போனை என் கையில் வைத்துவிட்டாள். நான் எண்ணை அழுத்தினேன். ஒரு மணி முழுதாக அடிப்பதற்குள் எடுத்துவிட்டான். விடிந்ததிலிருந்து போனைக் கையிலேயே வைத்திருந்திருக்கிறான்.

"அப்பா!" என்றான்.

நான் ஊரில் யாரை வேண்டுமானாலும் பேச்சில் மடக்குகிறவள். அன்றைக்கு என் வாயிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"அப்பா? பேசுங்கப்பா. நான் தூங்கவே இல்ல. என்ன வேணாலும் திட்டுங்க, நான் ஒண்ணும் சொல்லமாட்டேன்."

"அண்ணா" என்றேன்.

அவன் அதற்கு மேல் கேட்கவில்லை. அந்தப் பக்கத்தில் யாரோ ஒரு சின்னப் பிள்ளை, தாத்தாவா, தாத்தாவா என்று கேட்டுக்கொண்டே இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை வந்து சேர்ந்தான். தனியாகத்தான் வந்தான். திங்கட்கிழமை அடக்கம். அடக்கப் பூசையில் எல்லாரும் நற்கருணை அப்பம் வாங்க எழுந்தபோது, சபை மாறியவனுக்கு அது கிடையாது என்பதால் அவன் எழுந்திருக்கவில்லை. முன்வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தான். வரிசையில் போனவர்கள் எல்லாரும் அவன் முழங்காலில் இடித்துக்கொண்டுதான் போக வேண்டியிருந்தது. பெரியப்பாவை வீட்டு முன்னால் அவருடைய அப்பாவுக்குப் பக்கத்தில் வைத்தோம்.

எந்தத் தேதி எழுதுவது என்று அங்கேயே ஒரு வாக்குவாதம். விடிவதற்கு ரொம்ப நேரம் முன்னாலேயே போயிருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். சனி என்றுதான் காகிதத்தில் எழுதினார்கள். செபமாலைக்கு வந்த பெண்கள், வியாழனாகத்தான் இருக்கும் என்றார்கள். பெரியம்மா மட்டும், "வெள்ளிக்கிழமைதான் போயிருக்காரு. அவருக்கு மட்டும் அந்த நாளு வந்திருக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். யாரும் அவளை மறுக்கவில்லை.

செபமாலை முடிந்து ஊர் கலைந்த பிறகு ஒவ்வொரு சாயங்காலமும் கமிலோ என்னிடம் வந்து உட்கார்ந்தான். அவனுக்கு ஒரே கேள்விதான்.

"அன்னைக்கு நான் போன வெச்சப்புறம் அப்பா என்ன பண்ணாரு?"

சொன்னேன். சாப்பிட்டார். வெள்ளைச் சட்டையைத் தேய்க்கச் சொன்னார். போனில் எவ்வளவு நேரம் பேசக் காசு இருக்கிறது என்று கேட்டார், போதாது, காலையில் கடையில் போட்டு வா என்றார். மறுநாளும் கேட்டான், மறுநாளும் சொன்னேன். மூன்றாம் நாள் சும்மா கொஞ்சம் சேர்த்துச் சொன்னேன், அவர் பாட்டு ஒன்றை முணுமுணுத்தார் என்று. பொய் எனக்குப் பழக்கம்தான். அவன் அதை நம்பி, எந்தப் பாட்டு என்று கேட்டான். அதற்கும் ஒன்று சொன்னேன்.

கடைசியில் ஒரு நாள் கேட்டுவிட்டான்.

"என் பேரச் சொன்னாரா?"

சொன்னார் என்று சொல்லியிருக்கலாம். பெரியம்மா அடுப்புப் பக்கத்திலிருந்து என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளும் அங்கே இருந்தவள்தான்.

"இல்லண்ணா" என்றேன். "பேரச் சொல்லல."

தலையை ஆட்டினான். அதைத்தான் எதிர்பார்த்த மாதிரி.

"'குரல் இளைச்ச மாதிரி இருக்கே, சாப்பிடுறானா இல்லையா'ன்னு கேட்டாரு" என்றேன். இது பொய் இல்லை. விளக்கை அணைக்கப் போகும்போது பெரியம்மாவிடம் கேட்டார். அவள், நாளைக்கு நீயே கேள் என்று சொல்லிவிட்டுப் படுத்துவிட்டாள்.

பெரியம்மா எழுந்து வந்தாள். வந்த நாளிலிருந்து அவன் சரியாகச் சாப்பிடவில்லை. சேம்பும், தேங்காய்ப்பாலில் வெந்த கீரையும் போட்டு அவன் மடியில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாள். கமிலோ ரொம்ப நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு கையை வைத்தான். மூக்கு ஒழுக ஒழுக, துடைத்துக்கொள்ளாமல், தட்டில் ஒன்றுமில்லாமல் ஆகும்வரை சாப்பிட்டான்.